டஜனுக்கு ஒன்று

பாட்டில் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளரிலிருந்து வாசல் காவலாளி வரை அதே பெயர்தான். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐம்பத்திரண்டு வயது, குட்டை உருவம், கட்டைக் குரல், மூக்குக்கு மேல் கோபம். வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாயிலிருந்து இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு பொய்க் கணக்கு வந்ததில்லை என்று எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

பெயர் வந்த விதம் இது. உலையில் உருகிய கண்ணாடி அச்சில் விழுந்து பாட்டிலாகி, நீளமான கூண்டுக்குள் ஊர்ந்து ஆறி, பெல்ட்டில் வரிசை கட்டி வரும். வழியில் ஒரு மெஷின் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சம் போட்டுப் பார்க்கும். கீறல் என்று சந்தேகம் தட்டினால் போதும், புஸ்ஸென்று காற்றை ஊதிப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிடும். அந்த மெஷினுக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கீறல், ஒட்டிய தூசியும் கீறல், கண்ணாடிக்குள் கடுகளவு காற்றுக்குமிழ் இருந்தால் அதுவும் கீறல். அப்படித் தள்ளிய பாட்டிலை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சப் பலகைக்கு முன்னால் கழுத்தைப் பிடித்துத் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அக்காவின் வேலை. நிஜமாகவே கீறல் என்றால் உடைசல் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து மறுபடி உலைக்கு. நல்லது என்றால் பெல்ட்டுக்குத் திரும்பும். "போ, போ, உனக்கு ஒண்ணும் இல்லே" என்று பாட்டிலோடு பேசிக்கொண்டேதான் திருப்பி வைப்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன.

ஒரு ஷிப்ட்டுக்கு ஐநூற்றுச் சொச்சம் பாட்டில் தட்டில் விழும். அதில் தொட்டிக்குப் போவது நாற்பது, மிஞ்சினால் நாற்பத்தைந்து. கிட்டத்தட்ட டஜனுக்கு ஒன்று. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அத்தனை வருஷம் எடுத்து எடுத்துப் பார்த்ததில் கையே கற்றுக்கொண்டது.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. உடம்பு வளர்ந்ததே தவிர, புத்தி ஏழு வயதோடு நின்றுவிட்டது. தெருவில் அவனுக்கு டஜன் என்று பெயர். எதைக் கண்டாலும் பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் எண்ணுவான். அக்கா வீட்டுக்குக் கொண்டுவரும் நிறம் மாறிப்போன பாட்டில்களை ஜன்னலோரம் டஜன் டஜனாக அடுக்கிவைத்து, ஒன்றை யாராவது நகர்த்தினால் வீட்டை இரண்டாக்கிவிடுவான். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்த காலத்தில், "தம்பியும் கூட வருவான்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள். பேச்சு இரண்டாவது வாக்கியத்துக்குப் போனதே கிடையாது. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுததாகவும் தெரியவில்லை.

தினமும் வேலை முடிந்து அவள் செருப்பைக் கழற்றும்போதே தம்பி ஓடிவந்து கேட்பான்.

"அக்கா, இன்னிக்கு எத்தனை திரும்பிச்சு?"

"நானூத்தித் தொண்ணூத்தாறு."

"அவ்வளவா!" என்று கைதட்டுவான். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொழிற்சாலை வாசலில் ஒரு மருத்துவ வேன் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் மார்பகப் பரிசோதனை, கட்டாயம் இல்லை, ஆனால் எடுத்துக்கொண்டால் நல்லது என்றார்கள். எல்லோரும் எடுத்தார்கள், அக்காவும் எடுத்தாள். வேனுக்குள் மெஷினுக்கு முன்னால் நின்றபோது, "நம்மளையும் பெல்ட்ல ஏத்திட்டாங்கடி" என்று பின்னால் நின்றவளிடம் ஜோக் அடித்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கடிதம் வந்தது. சந்தேகத்துக்கு இடமான நிழல் ஒன்று தெரிவதாகவும், அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மேல் பரிசோதனைக்கு வரும்படியும் எழுதியிருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"ஏம்மா, அந்த மெஷின் சொல்றது சரியா இருக்குமா?"

"நல்ல மெஷின்தாம்மா. நோய் இருந்தா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குக் கண்டுபிடிச்சுடும்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். நூற்றுக்குத் தொண்ணூறு! அப்படியென்றால் தனக்கு நோய் இருப்பது தொண்ணூறு பங்கு, தப்பிப்பது பத்தே பத்துப் பங்கு. தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, இனி சாண் என்ன முழம் என்ன என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, தனக்கென்று சொல்லாமல், "எங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு இப்படி ஒரு கடிதாசி வந்திருக்கு" என்று பேச்சை ஆரம்பித்தாள். ஆரம்பித்ததுதான் தப்பு. பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறவள் தன் நாத்தனார் கதையைச் சொன்னாள். கடிதம் வந்த ஏழாவது மாதம் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். லேபிள் ஒட்டுகிறவள் தன் சித்தி கதையைச் சொன்னாள், அது இன்னும் மோசம். "கடிதாசி வந்துட்டா அவ்வளவுதான்க்கா. பாவம், அந்தம்மாவுக்குக் குழந்தை குட்டி இருக்கா?" என்று கேட்டு, அந்த இல்லாத பக்கத்து வீட்டம்மாவுக்காக ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். கடிதம் வந்து, போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து துணி துவைத்துப் போட்டவர்களும் அதே மேஜையில் இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் என்னவென்று சொல்வார்கள்? சொல்வதற்குக் கதை என்று ஒன்று நடந்திருந்தால்தானே! அக்கா சாப்பாட்டைப் பாதியிலேயே மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

அவளுக்குச் சாவு பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தம்பி. அம்மா இறந்துபோன வருஷம், அப்பா அவனை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றே மாதம்தான் இருந்தான். திரும்பி வந்தவன் ஒரு வருஷம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷம்! அப்பா போனபோது அவள் அவன் தலையில் கை வைத்துச் சொன்னாள், "உன்னை எங்கேயும் விட மாட்டேன்டா." இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

இப்போது அவளே ஒரு விடுதிக்குப் போன் போட்டாள். இவனைப் போன்றவர்களுக்கென்றே நடத்துகிற இடம், இரண்டு பஸ் மாறி அரை நாள் போக வேண்டும். நல்ல இடம் என்றுதான் விசாரித்த வகையில் தெரிந்தது.

"உங்க நல்ல நேரம், ஒரு இடம் காலியா இருக்கு" என்றார் விடுதிக் காப்பாளர். "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஆளோட வந்து கையெழுத்துப் போடணும். இல்லேன்னா வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும். அடுத்த இடம் எப்ப வரும்னு சொல்ல முடியாதும்மா. போன தடவை நாலு வருஷம் ஆச்சு."

"வந்து பார்த்துக்கலாமா, அவனை?"

"முதல் மூணு மாசம் சொந்தக்காரங்க வரக் கூடாது. அப்பதான் பழகுவாங்க. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை."

மூன்று மாதம் கழித்து நான் இருப்பேனா என்று அவள் அவரிடம் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்று சாயங்காலம் தம்பிக்குப் புதுப் பை ஒன்று வாங்கிப் போனாள். "நாம ஊருக்குப் போறோம்டா" என்றாள். பாவி மகன் சந்தோஷமாகப் பன்னிரண்டு பாட்டிலை எடுத்து அதில் அடுக்கினான். துணி வைக்க இடமே இல்லை.

பயம் ஒரு இடத்தில் நிற்குமா? கைக்கும் வந்துவிட்டது. புதன்கிழமை மேஜையில் உட்கார்ந்தவளுக்கு எந்தப் பாட்டிலைத் தூக்கினாலும் கீறலாகவே தெரிந்தது. அச்சின் இரண்டு பாதி சேருகிற இடத்தில் விழும் அச்சுக்கோடு கீறலாகத் தெரிந்தது, கைரேகை கீறலாகத் தெரிந்தது. "போ, போ" என்று சொல்ல வாய் வரவில்லை. ஷிப்ட் முடிவில் தொட்டிக்குப் போனது நூற்றுப் பத்து. வழக்கத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

புதிதாக வந்திருந்த எஞ்சினியரின் கண்ணில் அது பட்டது. சின்ன வயசு, நல்ல பையன்தான், ஆனால் எதையாவது சீர்திருத்திக் காட்ட வேண்டும் என்கிற துடிப்பில் கை கால் பரபரத்துக்கொண்டிருந்தவர். வியாழக்கிழமை காலை நேராக அக்காவின் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, நேத்து நீங்களே நூத்திப் பத்தை உடைசல்ல போட்டிருக்கீங்க. மெஷின் தொண்ணூறு சதவீதம் சரின்னு அதை வித்தவங்க எழுதியே கொடுத்திருக்காங்க. அது தள்ளினதை எதுக்கு நாம மறுபடி பார்க்கணும்? டைம் வேஸ்ட். தட்டோட தொட்டியில கொட்டிடுங்க. உங்களை நான் வேற இடத்துக்கு மாத்திக்கறேன்."

சொன்னதோடு நிற்காமல், தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கவும் செய்தார்.

மூன்று நாளாகச் செத்த பாம்பாகக் கிடந்த கோபம் அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! தட்டின் மறு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க சார்! தொண்ணூறுன்னா எதுல தொண்ணூறு?"

"நூத்துக்குத் தொண்ணூறு அக்கா."

"எந்த நூறு? கீறின பாட்டிலா நூறு கொண்டுபோய் வெச்சா, அதுல தொண்ணூறைப் பிடிச்சுடும். அதை நான் இல்லேங்கலே. ஆனா இந்தத் தட்டுல இருந்து நூறு எடுத்தா அதுல தொண்ணூறு கீறி இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது? அது வேற கணக்கு, இது வேற கணக்கு!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"என்னது, ஒண்ணா?" அக்காவின் குரல் உலை வரைக்கும் கேட்டது. பெல்ட்டோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சார், ஒரு ஷிப்ட்டுக்குப் பத்தாயிரம் பாட்டில் வருது. அதுல நிஜமா கீறினது எத்தனை? அம்பது. அம்பதுல நாப்பத்தஞ்சைப் பிடிச்சுடுது உங்க மெஷின், கெட்டிக்கார மெஷின்தான். மிச்சம் எல்லாம் நல்ல பாட்டில். அதுல நூத்துக்கு அஞ்சைத் தப்பாத் தள்ளுது. அஞ்சுதானேன்னு தோணும். ஆனா நல்லது எவ்வளவு கெடக்கு, பாருங்க! பத்தாயிரத்துக்கு அஞ்சு அஞ்சா தள்ளினா ஐநூறு வந்து விழுது. ஐநூறு நல்லதும் நாப்பத்தஞ்சு கீறினதும் ஒரே தட்டுல கெடக்கு. டஜனுக்கு ஒண்ணு சார், ஒண்ணே ஒண்ணு! மெஷின் தள்ளிடுச்சுங்கற ஒரே காரணத்துக்காக மீதிப் பதினொண்ணையும் உலையில போடுவீங்களா? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் ஒரு பாட்டில் இருந்தது. அதைப் பார்த்தாள். முந்தாநாள் சாயங்காலம் வாங்கிய புதுப் பை நினைவுக்கு வந்தது. மெஷின் தள்ளிவிட்டது என்கிற ஒரே காரணத்துக்காக, ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்காமல், தன்னையும் தம்பியையும் சேர்த்துத் தொட்டியில் கொட்டக் கிளம்பியது யார்? நோய் இருந்தால் மெஷின் கண்டுபிடிக்கும் என்றுதானே நர்ஸ் சொன்னாள். மெஷின் தள்ளினால் நோய் இருக்கிறது என்றா சொன்னாள்? இந்தப் பையனைப் பிடித்து இப்படிக் கத்துகிறோமே, இவன் சொன்னதைத்தானே மூன்று நாளாக நாமும் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. இருபத்தொன்பது வருஷம் இதே மேஜையில் உட்கார்ந்திருந்தும் தன் விஷயம் என்று வந்ததும் புத்தி மழுங்கிவிட்டதே! ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

எஞ்சினியர் பயந்துபோனார். "அக்கா, அக்கா! தண்ணி குடிங்க. நான் சும்மா ஒரு யோசனைதான் சொன்னேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணணும் சார்" என்றாள். "நான் வர்ற வரைக்கும் இந்தத் தட்டுல ஒரு அஞ்சாறு டஜனை நீங்களே எடுத்துப் பாருங்க. கழுத்துல ஆரம்பிச்சுத் திருப்பணும்."

அதே நர்ஸ்தான் எடுத்தாள். இந்த முறை அக்கா கேள்வியை மாற்றிக் கேட்டாள்.

"எங்களை மாதிரி ஆயிரம் பேரை வேன்ல ஏத்திப் பார்த்தா, எத்தனை பேருக்கு நிஜமா நோய் இருக்கும்?"

நர்ஸ் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஒரு எட்டு பேருக்கு இருக்கலாம்மா."

"சரி. அந்த ஆயிரம் பேர்ல எத்தனை பேருக்குக் கடிதாசி போடுவீங்க?"

"எண்பத்து சொச்சம் போகும்."

"அந்த எண்பத்து சொச்சத்துல?"

"ஏழு பேருக்கு உறுதியாகலாம். ஏம்மா கேக்கறீங்க?"

அக்கா சுவரில் விரலால் வகுத்தாள். ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு. டஜனுக்கு ஒன்று! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அதைத் திங்கக்கிழமையே சொல்லக் கூடாதாடியம்மா" என்றாள். "நீங்க கேக்கலியேம்மா" என்றாள் நர்ஸ். அதுவும் நியாயம்தான்.

திரும்பி வந்தபோது எஞ்சினியர் கையுறை போட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆறு டஜன் பார்த்து நான்கு கீறல் கண்டுபிடித்திருந்தார். அதிலும் ஒன்று அச்சுக்கோடு. "மேஜை இருக்கட்டும் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு கதை முடிந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டஜனுக்கு ஒன்று என்பது டஜனுக்கு ஒன்றுகூட இல்லை என்பதல்லவே. சனிக்கிழமை மத்தியானம் அந்த இடம் போய்விடும். போனால் நாலு வருஷமோ என்னவோ. ஒருவேளை அந்த ஒன்று தானாகவே இருந்தால்? தம்பியை யார் பார்ப்பார்கள்? வெள்ளிக்கிழமை முழுக்க அவள் கை பாட்டிலைத் திருப்பியது, மனசு இதைத் திருப்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு பயத்துக்காக அவனை மறுபடி ஊமையாக்குவதா என்று ஒரு பக்கம் கேட்டது. அந்த ஒரு பங்கு உன் தலையில் விழுந்தால் அவன் தெருவில்தானே நிற்பான் என்று இன்னொரு பக்கம் கேட்டது.

சனிக்கிழமை காலை விடுதிக்குப் போன் போட்டாள். "அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுங்க. எங்க பேரை வரிசையில கடைசியில எழுதிக்குங்க" என்றாள். "ஒரு நாள் வந்து இடத்தைப் பார்க்கறோம். அவனும் பார்க்கட்டும்." ஜன்னலோரம் போய்த் தம்பியின் பையிலிருந்து பாட்டில்களை எடுத்து அவள் அடுக்க ஆரம்பித்ததும், "நீ தப்பா வெக்கறே" என்று அவன் பிடுங்கிக்கொண்டான்.

"தம்பி, அக்காவை ஒரு மெஷின் தட்டுல தள்ளிடுச்சுடா" என்றாள். "செவ்வாய்க்கிழமை ஒருத்தங்க மறுபடி பார்ப்பாங்க."

அவன் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். "உன்னை மாதிரி ஒருத்தங்களா?"

"ஆமா."

"அப்ப நானும் வர்றேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக் கூடத்தில் கடிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்த பெண்களைத் தம்பி விரலை நீட்டி எண்ணினான். எண்ணிவிட்டு, "அக்கா, சரியா ஒரு டஜன்!" என்று கூவினான். அக்கா கையைத் திறந்து பார்த்தாள். அவளுடைய டோக்கன் பன்னிரண்டு. கடைசி.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். முதலில் போனவள் வெள்ளைச் சீட்டோடு சிரித்துக்கொண்டு வந்தாள். இரண்டாமவளும் அப்படியே. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதாக வந்தவள் புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். ஏழு, எட்டு, ஒன்பது. எல்லோரும் வெள்ளைச் சீட்டு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? அக்காவோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது பேர் நல்லபடியாகப் போய்விட்டார்கள், அப்படியென்றால் அந்த ஒன்று மீதி மூன்று பேரில்தானே இருக்க வேண்டும்? போச்சு, விடுதி இடத்தையும் விட்டாச்சு, இனி என்ன செய்வேன் என்று தம்பியின் கையை இறுகப் பிடித்தாள். "வலிக்குது" என்றான் அவன்.

பத்தாவது டோக்கன்காரி உள்ளே போய் வெகுநேரம் ஆயிற்று. அக்காவைவிட நாலைந்து வயது சின்னவள், தனியாக வந்திருந்தவள். வெளியே வந்தபோது கையில் இருந்தது மஞ்சள் சீட்டு. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாடா என்றது அக்காவின் மனசு.

அடுத்த நொடியே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீ, என்ன ஜென்மம் நான்! ஒருத்தி அங்கே இடிந்து உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு அப்பாடாவா? சரி, மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கையாவது சரியாகப் போட்டாளா? அதுவும் இல்லை. போன மாதம் ஒரே டஜனில் மூன்று கீறல் வரவில்லையா? அதற்குப் பிறகு ஏழு டஜன் துடைத்து வைத்த மாதிரி ஒன்றுகூட இல்லாமல் போகவில்லையா? பக்கத்துப் பாட்டில் கீறியிருந்தால் இந்தப் பாட்டிலுக்கு என்ன வந்தது, கீறாமல் இருந்தால்தான் என்ன வந்தது? ஒன்பது பேர் சிரித்ததால் அவளுக்கு ஆபத்து ஏறவும் இல்லை, ஒருத்தி அழுததால் இறங்கவும் இல்லை. எல்லாம் தெரிந்தவள்தான். தெரிந்தும் மனசு அதன் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தது.

பதினொன்று போய் வந்தது. "பன்னண்டு!" என்று கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த டாக்டரம்மாவும் குட்டை. கண்ணுக்குக் கீழே கருவளையம். புதிதாக எடுத்த படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். அக்கா அந்தப் பலகையையே பார்த்தாள். அவள் மேஜையில் இருப்பதைப் போலவே இருந்தது. டாக்டரம்மா கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜெல் தடவி இன்னொரு கருவியை வைத்துத் தேய்த்தும் பார்த்தார். அவசரமே படவில்லை. வேலை தெரிந்தவள் என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"வெறும் நீர்க்கட்டிம்மா. ஒண்ணும் இல்லே. வருஷா வருஷம் வந்து காட்டுங்க, போதும்" என்று வெள்ளைச் சீட்டை நீட்டினார்.

அக்காவுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா! திருப்பி அனுப்பிட்டாங்களா?"

கூடம் முழுக்கக் கேட்கிற குரல். மஞ்சள் சீட்டுக்காரி இன்னும் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எப்படி ஆமாம் என்று சொல்வது? அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். தம்பி கைதட்டினான். தட்டிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான்.

"உங்களை?"

அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், கோபப்படவில்லை.

"இல்லேப்பா. ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்து மறுபடி பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க."

"மறுபடி பார்ப்பாங்களா? அப்ப திரும்பிடும்" என்றான் தம்பி. "எங்க அக்கா மறுபடி பார்த்து தினம் நானூறு ஐநூறு அனுப்புவா. கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். "அப்படியாங்க?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தெரிந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட அக்காவுக்கும் ஆசைதான். ஆனால் டஜனுக்கு ஒன்று என்பது முதல் தட்டின் கணக்கு. வேலை தெரிந்த ஒருத்தி இரண்டாம் முறை பார்த்தும் எடுத்துவைத்த பாட்டிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மனசு கேட்கவில்லை என்பதற்காக ஒரு பாட்டிலை அவள் பெல்ட்டில் வைத்ததில்லை. போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு முதல் தட்டுக் கணக்குதாம்மா தெரியும்" என்றாள். "இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஊசி என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"கூட யாரு வர்றாங்க?"

அந்தப் பெண் மஞ்சள் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வெள்ளிக்கிழமை காலையில ஷிப்ட் கிடையாது" என்றாள் ரிட்டர்ன் அக்கா. "நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

இருபத்தொன்பது வருஷத்தில் வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு ஷிப்ட் இல்லாமல் இருந்ததே கிடையாது.